ஹெட் ஸ்டட்: மாற்றுவதா, பழையதையே போடுவதா?

ஞாயிறு மெக்கானிக்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1967 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங் உள்ள பி-சீரிஸ் எஞ்சின். ஆயில் பிரஷர் குறைந்துகொண்டே வந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. முழுசாக இறக்கிவிட்டேன். கிராங்க் கிரைண்டிங்குக்குப் போய்விட்டது. பிளாக் இன்னும் ஸ்டாண்டில்தான் இருக்கிறது.

ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, பிடித்திருந்த 11 ஸ்டட்டும் (இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி; கீழ்முனை பிளாக்கில், மேல்முனையில் நட்டு) பிளாக்கிலேயே நிற்கின்றன. ஹெட் சண்டை போடாமல் மேலே வந்தது. இரண்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் எங்கும் ஊதவில்லை. ஸ்டட்டின் உடம்பில் பழுப்புக் கறை இருக்கிறது, வயர் பிரஷ் போட்டால் போய்விடுகிறது, குழி எதுவும் தெரியவில்லை.

பாகம் விற்பவர் புதுசாக மாற்றச் சொல்கிறார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவரோ "அந்தக் காலத்து இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எதை வாங்கி மாட்டப்போகிறாய்?" என்கிறார். இரண்டு பேருமே அனுபவஸ்தர்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கருப்புக் கிரீஸ்:
மாற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம். அரை நூற்றாண்டு தாண்டிய ஸ்டட். இதுவரை எத்தனை பேர் ஹெட்டைக் கழற்றினார்கள், யார் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) வைத்து இறுக்கினார்கள், யார் நீளமான பைப்பைச் செருகி இறுக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதுசு போடுகிறீர்கள். அந்தச் செலவோடு பார்த்தால் ஸ்டட் செட் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மிச்சம் பிடிக்கிற இடமா இது?

பழைய இரும்பு:
கிரீஸ் அண்ணா சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன்.

இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டை வேண்டுமென்றே அதன் மீள் எல்லையை (இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் வரம்பை) தாண்டி இறுக்குவார்கள். முதலில் ஒரு டார்க், அப்புறம் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கணக்கு இருக்கும். அந்த போல்ட் ஒரு தடவைக்குத்தான், கழற்றினால் குப்பை. அந்தப் பழக்கத்தைப் பழைய எஞ்சினுக்கும் கொண்டுவந்து பொருத்துகிறோம் என்பதுதான் சிக்கல்.

எம்ஜிபி கையேட்டில் ஹெட் நட்டுக்கு 45 முதல் 50 பவுண்டு-அடி, அவ்வளவுதான். கோணக் கணக்கே கிடையாது. அந்த அளவில் ஸ்டட் நீள்வது நூறு மில்லிமீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் கூட இல்லை. இரண்டு காகிதத் தாளின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தினால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். வால்வு ஸ்பிரிங் கோடிக்கணக்கான தடவை அமுங்கி எழுகிறதே, அதே குணம்தான். வயசு ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் எஃகு களைத்துப் போகாது. துரு, குழி, வளைவு, அதிகமாக இறுக்கிய தடம் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் அதற்கு ஓய்வு.

லேத்துப் பட்டறை:
இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிச் சமமாக்க மெஷினில் ஓட்டப்போகிறீர்களா?

ஓட்டுவதாக இருந்தால் ஸ்டட் எல்லாம் வெளியே வந்தே ஆக வேண்டும். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்குக்கும் அப்படித்தான், நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டோடு மேல்முகத்தைத் தளமாக வைத்து பிளாக்கைப் பிடிக்க முடியாது. எனவே "கழற்றலாமா" என்ற கேள்வி உங்களுக்கு இல்லை. கழற்றியது திரும்பப் போகிற நிலையில் இருக்கிறதா என்பதுதான் பாக்கி.

கழற்றுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கேதான் நல்ல ஸ்டட்டைக் கெடுப்பார்கள். பைப் ரெஞ்சால் உடம்பைக் கடித்துத் திருகினால் அந்தப் பல்தடமே பிறகு விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். இரண்டு நட்டை மாட்டி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள். கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டுத் தளர்த்துங்கள். அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். ஸ்டட்டைச் சுற்றியுள்ள பிளாக்கைச் சூடாக்குங்கள், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள், தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. தட்டும்போது மேலே ஒரு பழைய நட்டு இருக்கட்டும், இல்லையென்றால் முதல் மரை நசுங்கிவிடும்.

உள்ளே உடைந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகும். உடைந்த துண்டின் மேல் நட்டு வைத்து வெல்டு போட்டுத் திருகுவதுதான் என் முதல் வழி. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சுருள் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே அடித்து, அதுவும் உடைந்து, கடின எஃகுத் துண்டோடு பிளாக் என் மேஜைக்கு வந்த நாட்களைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

வெளியே வந்ததும் ஸ்டட்டைப் பார்ப்பதற்கு முன்னால் துளையைப் பாருங்கள். வாயைச் சுற்றி இரும்பு எரிமலை மாதிரி லேசாக மேலே எழும்பியிருக்கும். நேர்ச்சட்டம் வைத்தால் அந்த இடத்தில் ஆடும். ஸ்டட் இழுத்த இழுப்பில் மேல் மரை பிளாக்கோடு தூக்கிக்கொண்டதால் வருவது இது. கேஸ்கெட் அங்கே சமமாக உட்காராது. புது ஸ்டட் போட்டும் கேஸ்கெட் போகிறவர்களில் பாதிப்பேர் இதைப் பார்க்காதவர்கள்தான். முகத்தை ஓட்டி, ஒவ்வொரு துளை வாயிலும் ஒரு மரை ஆழத்துக்குச் சரிவு வெட்டிவிட்டால் தீர்ந்தது.

ஞாயிறு மெக்கானிக்:
ஆமாம் சார், முகம் ஓட்டத்தான் போகிறது. இந்த வாரம் கழற்றிவிட்டேன்.

ஒன்பது ஸ்டட் இரண்டு நட்டு முறையிலேயே வந்தன. பின்பக்கம் ஃபயர்வால் ஓரத்து இரண்டுக்குச் சூடு தேவைப்பட்டது. கடைசியாக வந்தது "க்ரீச்" என்று ஒரு சத்தம் போட்டதே, உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கை நடுங்கியது.

மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்து, புது நட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் விரலால் ஓட்டிப் பார்த்தேன். பத்து ஸ்டட்டில் நட்டு தன் எடையிலேயே இறங்குவது போல் ஓடியது. ஏழாம் நம்பரில் மட்டும் ஐந்தாறு சுற்று போனதும் இறுக ஆரம்பித்தது. பிறகு மூன்று சுற்று விரலால் முடியவில்லை. அதைத் தாண்டி மறுபடி லேசாகிவிட்டது! அழுக்காக இருக்கும் என்று இரண்டு தடவை கழுவினேன். அதே இடம், அதே மூன்று சுற்று.

வெளிச்சத்துக்கு எதிரே இன்னொரு ஸ்டட்டோடு மரையோடு மரை பொருந்த வைத்துப் பார்த்தேன். முதல் நாலைந்து மரை கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம் மெல்ல ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு விலகியது, நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. வெர்னியரில் நீளத்தை அளந்தால் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் அதிகம்.

பழைய இரும்பு:
அது போன கேஸ். மரையின் இடைவெளியே நீண்டுவிட்டது, அதாவது மீள் எல்லையைத் தாண்டியிருக்கிறது. நட்டு நின்ற இடத்துக்குக் கீழே, சுமை தாங்கிய மரையில்தான் முதலில் இழுபடும். அதனால்தான் நடுவில் மட்டும் இறுக்கம். அதைத் தூக்கிப் போடுங்கள், வாதமே இல்லை.

மீதி பத்தையும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

கருப்புக் கிரீஸ்:
இரும்பு தம்பி, ஏழாம் நம்பர் தானாக நீண்டதா? யாரோ ஒருவர் அதை மட்டும் முறுக்கியிருக்கிறார். அல்லது எல்லாவற்றையும் முறுக்கி, இது மட்டும் காட்டிக்கொடுத்திருக்கிறது. எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழைய இரும்பு:
அளந்துதான். பத்தும் ஒரே நீளம், பத்திலும் நட்டு ஓடுகிறது என்றால் பத்தும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். அது நடக்காது.

கருப்புக் கிரீஸ்:
விரிசலை வெர்னியர் காட்டாது.

பழைய இரும்பு:
காந்தத்தூள் சோதனை காட்டும், காந்தமேற்றித் தூவினால் விரிசலில் தூள் கோடாக ஒட்டும். கிராங்குக்குச் செய்கிற அதே இடத்தில் ஸ்டட்டையும் கொடுத்துவிடலாம்.

சோக்கு கேபிள்:
என் கதையையும் கேட்டுவிடுங்கள். நானும் "புதுசு என்றால் நிம்மதி" என்று ஒரு செட் வாங்கினேன். எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம். டப்பா பளபளப்பாக இருந்தது.

நடுவிலிருந்து வெளியே, 20, 35, 45 என்று மூன்று சுற்றாக இறுக்குகிறேன். கடைசிச் சுற்றில் மூன்றாம் நட்டு 40 வரை வந்தது. அதற்கு மேல் ரெஞ்ச் "டிக்" என்று சொல்லவே இல்லை. கை வெண்ணெயில் போவது போல் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் ரெஞ்ச் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கால் சுற்று, இன்னும் கால் சுற்று. நிறுத்திவிட்டேன். பிளாக் மரைதான் போய்விட்டது என்று வயிறு கலங்கியது. கழற்றிப் பார்த்தால் பிளாக் நன்றாக இருக்கிறது, ஸ்டட்தான் இடுப்பில் மெலிந்திருக்கிறது. நகத்தை வைத்து வருடினாலே பள்ளம் தெரிந்தது.

பழைய ஸ்டட்டைக் கோணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். அதையே எடுத்துப் போட்டு முடித்தேன். வண்டி இன்றும் ஓடுகிறது.

ஞாயிறு மெக்கானிக்:
இதைப் படித்த பிறகு ராத்திரி தூக்கமில்லை. புதுசு வாங்கினால் மட்டமானது வரலாம், பழசைப் போட்டால் ஏற்கெனவே ஒன்று நீண்ட கூட்டம். நல்ல புது ஸ்டட்டை எப்படித்தான் அடையாளம் காண்பது?

லேத்துப் பட்டறை:
கேபிள் சாருக்கு ஏன் அப்படி ஆனது என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.

நாம் ரெஞ்சில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிமுகம் வாஷரில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு பெரும்பங்கு மரை உரசலில். ஸ்டட்டை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உரசல் கொஞ்சம் மாறினாலும் இழுவிசை நிறைய மாறும்.

ஸ்டட் 3/8 அங்குலம். 45 பவுண்டு-அடி என்றால் 61 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரையில் அது சுமார் 32 கிலோநியூட்டன் இழுவை, மூன்றேகால் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 45-ஐ எண்ணெய் தடவிய மரையில் கொடுத்தால் 42-43 கிலோநியூட்டன் வரை போகும், நாலேகால் டன்னுக்கு மேல். ரெஞ்ச் இரண்டு தடவையும் ஒரே எண்ணைத்தான் காட்டும்!

நட்டுப் பக்கம் அங்குலத்துக்கு 24 மரை. அதன் சுமை தாங்கும் பரப்பு 56-57 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் உலர்ந்ததில் சதுர மில்லிமீட்டருக்கு 565 நியூட்டன், எண்ணெயில் 750 வாக்கில். எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) தரம் 5 எஃகின் உறுதிச்சுமை, அதாவது நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை, சதுர அங்குலத்துக்கு 85,000 பவுண்டு, அதாவது 586 நியூட்டன். தரம் 8 என்றால் 1,20,000 பவுண்டு, 827 நியூட்டன். தரம் 5 அளவு எஃகில் செய்த ஸ்டட்டுக்கு எண்ணெய் தடவி 45 கொடுத்தால் அது வெண்ணெயாக இழுபடாமல் என்ன செய்யும்?

எனவே வாங்கும்போது எஃகு எந்தத் தரம் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உருட்டி எடுத்த மரையின் அடிப்பள்ளம் வழவழப்பாக, பளிச்சென்று இருக்கும். டை வைத்து வெட்டியதில் கீறலும் பிசிறும் தெரியும். உருட்டியதில் எஃகின் இழையோட்டம் அறுபடாமல் வளைந்து போகிறது, அடிப்பள்ளமும் அமுங்கி இறுகுகிறது, விரிசல் தொடங்குவது கஷ்டம்.

அப்புறம் சோதனை. பிளாக்கில் மாட்டுவதற்கு முன், தடித்த இரும்புத் துண்டு ஒன்றில் துளை போட்டு, ஒரு ஸ்டட்டை இரண்டு பக்கமும் நட்டு வைத்து 50 வரை இறுக்குங்கள். கழற்றி நீளம் அளங்கள். இறுக்குவதற்கு முன் இருந்த நீளமே வந்தால் சரி. இது பத்து நிமிட வேலை.

மூன்றாம் கியர்:
நேராக ஏஆர்பி (பந்தய எஞ்சின்களுக்கு போல்ட், ஸ்டட் செய்யும் அமெரிக்க நிறுவனம்) ஸ்டட் போட்டு 60 கொடுத்தால் கேஸ்கெட் ஜென்மத்துக்கும் போகாது. ஏன் இத்தனை பேச்சு?

லேத்துப் பட்டறை:
ஸ்டட் தாங்கும், சரி. வார்ப்பிரும்பு பிளாக்கின் மரை தாங்குமா? ஸ்டட் எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு, தோற்கும் இடம் ஸ்டட்டிலிருந்து பிளாக்குக்கு நகர்கிறது. ஸ்டட் போனால் வேறு ஸ்டட் போடலாம். பிளாக் மரை போனால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை அல்லது அதைவிடக் கெட்டியான புஷ்.

இன்னொன்று, அதிகமாக இறுக்கினால் ஸ்டட்டைச் சுற்றி சிலிண்டர் சுவர் நெளியும். ரேஸ் எஞ்சினுக்குத் தடித்த தகட்டை ஹெட் போல மாட்டி, அதே டார்க்கில் இறுக்கி வைத்துக்கொண்டு ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சரிசெய்வது) செய்வது அதனால்தான். தெருவில் ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குள் 50 பார் அழுத்தம் வந்தாலும் ஹெட்டைத் தூக்கும் விசை இரண்டரை டன் வாக்கில்தான். பதினொரு ஸ்டட்டும் சேர்ந்து பிடிப்பது முப்பது டன்னுக்கு மேல்.

ஏஆர்பி நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. போட்டால் அவர்கள் கொடுக்கும் மசகையே தடவி, அவர்கள் தாளில் எழுதிய டார்க்கையே கொடுங்கள். ஒருவர் மசகும் இன்னொருவர் எண்ணும் சேரக் கூடாது.

ஏர் கூல்டு:
தலைப்புக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது போர்ஷ 911 பக்கம். 24 ஸ்டட். அலுமினியத்தோடு சேர்ந்து விரிய வேண்டும் என்று டிலாவர் என்ற தனி உலோகக் கலவையில் ஸ்டட் செய்தார்கள். காகிதத்தில் அருமையான யோசனை. ஈரம் பட்ட இடத்தில் துருக்குழி விழுந்து, நிறுத்தி வைத்த வண்டியில் கூட "டங்" என்று உடையும். வால்வு கவரைத் திறந்தால் நட்டும் ஸ்டட் துண்டும் கையில் வந்து விழும். எங்கள் ஆட்களிடம் போய் "பழையதையே போடலாமா" என்று கேட்டால் சிரிப்பார்கள். பழைய மக்னீசியம் கிரான்க்கேஸில் இன்னொரு தலைவலி, ஸ்டட் நன்றாக இருக்கும், மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

பழைய இரும்பு:
இதைத்தான் நானும் சொல்கிறேன். எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. பின்னாளைய ஜாகுவார் 4.2 பிளாக்கில் நீள ஸ்டட் நீர் உறைக்குள்ளேயே நிற்கும், மேலே புத்தம் புதுசாகத் தெரியும், உள்ளே கரும்பு கடித்த மாதிரி அரித்திருக்கும். அங்கே நானும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன். பி-சீரிஸ் அப்படி இல்லை.

ஞாயிறு மெக்கானிக்:
முடிவுக்கு வந்துவிட்டேன். பத்து ஸ்டட்டையும் கிராங்க் வாங்கப் போன இடத்தில் காந்தத்தூள் சோதனைக்குக் கொடுத்தேன். எட்டு சுத்தம். ஒன்றில் மரை முடிந்து உடம்பு தொடங்கும் இடத்தில் மயிரிழைக் கோடு, இன்னொன்றில் சந்தேகம். ஆக பதினொன்றில் மூன்று போச்சு. மூன்று புதுசு, எட்டு பழசு என்று கலந்து போட மனசு வரவில்லை. முழு செட் புதுசாக வாங்கினேன், தரம் எழுதிக் கொடுத்தவரிடம். லேத்து சார் சொன்ன மாதிரி இரண்டை இரும்புத் துண்டில் இறுக்கிப் பார்த்தேன், நீளம் மாறவில்லை. நல்ல எட்டையும் எண்ணெய் தடவிக் கட்டி வைத்திருக்கிறேன், கேபிள் சாரின் கோணிப்பை ஞாபகத்தில்.

நட்டும் வாஷரும் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பழைய வாஷரைக் கண்ணாடி மேல் வைத்தால் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது, ஒவ்வொன்றும்.

லேத்துப் பட்டறை:
நல்லது. மாட்டும்போது இரண்டு விஷயம். துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ ஒரு சொட்டு கூடத் தேங்கக் கூடாது. அடிமூடிய துளையில் திரவம் இருந்து ஸ்டட்டைத் திருகினால், அது பிஸ்டன் மாதிரி அழுத்தி பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டாப் வேண்டாம், அது நல்ல இரும்பையும் சீவிவிடும். மரை துலக்கும் சேசர் போதும். ஸ்டட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். அடி தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்குவது நட்டின் வேலை.

கருப்புக் கிரீஸ்:
கடைசியில் புதுசுதான் 😄

பழைய இரும்பு:
அளந்த பிறகு புதுசு, அண்ணா. அது வேற.

ஞாயிறு மெக்கானிக்:
நாலு மாதம் கழித்து வருகிறேன். எஞ்சின் ஓடுகிறது, புகை இல்லை. 500 மைல் ஆனதும் ஆறவைத்து மறுபடி இறுக்கினேன். மையத்திலிருந்து ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப 45-க்குக் கொண்டுவந்தேன். தளர்த்தாமல் இறுக்கினால் ஒட்டிய நட்டு அசைவதற்கு முன்பே ரெஞ்ச் "டிக்" சொல்லிவிடுகிறது, அதையும் சோதித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை பழைய இடத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றின, கேஸ்கெட் அமர்ந்ததால் இருக்கும். ராக்கர் பீடத்தைப் பிடிக்கும் நாலு நட்டும் ஹெட் நட்டுதான் என்பதால் வால்வு இடைவெளியை மறுபடி 0.015 அங்குலத்துக்கு வைத்தேன், நாலு வால்வு மாறியிருந்தது.

ஒரு சின்னச் சந்தேகம். இடது பின்பக்கம், ஏழாம் ஸ்டட் இருந்த துளைக்கு நேரே, கேஸ்கெட் ஓரத்தில் விரல் ரேகை அளவு எண்ணெய்ப் பசை தெரிகிறது. துடைத்தால் இரண்டு நாள் கழித்து வருகிறது.

லேத்துப் பட்டறை:
முதலில் ராக்கர் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள் தம்பி. அங்கிருந்து வழிந்து ஹெட்டின் ஓரத்தோடு இறங்கி அந்த இடத்தில்தான் நிற்கும். கவரின் அடியில் சுண்ணாம்புத்தூள் தடவிவிட்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள், கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

ஞாயிறு மெக்கானிக்:
ராக்கர் கவர்தான் சார். கார்க் கேஸ்கெட் ஒரு மூலையில் மடிந்திருந்தது.